அழகுச் சந்தையிற் கள்ளச் சாட்சி

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பது பழமொழி. கடையிற் குவிந்திருக்கும் மல்லிகையின் மணமே வழியிற் செல்வோரை அழைத்துவிடும். பூவின் தரத்தைக் கண் காணும், மூக்கு அறியும், காசு கைமாறு முன்னரே வாங்குவோர் தம் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். ஆனால், மூடிய சிமிழொன்றினுள் இருக்கும் முகப்பூச்சின் நிலை அத்தகையதன்று. அதன் நிறத்தைப் பார்க்கலாம், மணத்தை முகரலாம். அது முகத்துச் சுருக்கத்தை நீக்குமா, அன்றித் தோலைப் புண்ணாக்குமா என்பதைச் சிமிழ் சொல்லாது. வாங்கிப் பூசிய பின்னருங்கூட, முகம் பொலிவுற்றது பூச்சினாலா, நல்ல நித்திரையினாலா, வெறும் மனப்பிரமையினாலா என்று உறுதியாகக் கூறுதல் அரிது. ஆகவே, அழகுப் பொருள் விற்போருக்கு எக்காலத்தும் ஒரு சாட்சி தேவைப்பட்டது. “நான் பூசினேன், பயன் கண்டேன்” என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

நீதிமன்றிலே சாட்சி கூறுபவர் சத்தியஞ் செய்கிறார். எதிர்த்தரப்பு நியாயவாதி அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார். கூறியது பொய்யென்று கண்டால் தண்டனையும் உண்டு. சந்தையிலே சாட்சி கூறுபவருக்கோ இவற்றுள் எதுவும் இருக்கவில்லை. அவர் யார், எதற்காகப் பேசுகிறார், அவர் கையில் ஏதேனும் வைக்கப்பட்டதா என்று கேட்பார் நெடுங்காலமாக எவருமில்லை. அந்தச் சாட்சி எவ்வாறு விலைக்கு வாங்கப்பட்டது, எவ்வாறு புனையப்பட்டது, சட்டம் எவ்வளவு காலந் தாழ்த்தி விழித்துக்கொண்டது என்பது ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுக் கதையாகும். கதை பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. ஆயினும், அந்நாட்டுச் சவர்க்காரமும் பூச்சும் கடல் கடந்து சென்ற ஊர்களுக்கெல்லாம் அந்தச் சாட்சியமும் உடன் சென்றது.

விக்டோரியா மகாராணியின் காலத்தில், இலண்டன் மாநகரின் செல்வர் வீதியாகிய நியூ பொண்ட் தெருவிலே, ‘மடம் ரேச்சல்’ என்ற பெயருடன் ஒரு பெண்மணி அழகுச் சாலையொன்றை நடத்தினார். அவரது முழுப் பெயர் சேரா ரேச்சல் லெவர்சன். என்றென்றும் அழகு என்பதே அவர் கடையின் வாக்கு. 1863 ஆம் ஆண்டில் அதே தலைப்புடன் சிறு நூலொன்றையும் அவர் வெளியிட்டார். அவர் விற்ற பொருள்களுள் ஒன்று, சகாராப் பாலைவனத்துக் காந்தப் பாறைகளில் ஊறும் பனிநீர் என்று சொல்லப்பட்டது. விரைந்தோடும் ஒட்டகங்களின் மீது அது மொறோக்கோவுக்குக் கொண்டுவரப்படுவதாக அந்நூல் கதை கூறிற்று. அதன் விலை இரண்டு கினி. சகாராவுக்குச் சென்று பாறையைப் பார்த்துவர இலண்டன் சீமாட்டி எவராலும் இயலாது என்பதே அவ்வணிகத்தின் மூலதனம்.

அவரிடம் வந்தவர்களுள் ஒருவர் மேரி போரடேல் என்னும் கைம்பெண். இந்தியாவிற் பணியாற்றிய படை அதிகாரி ஒருவரின் மனைவியாயிருந்தவர். நடுத்தர வயதைத் தாண்டிக்கொண்டிருந்த அந்த அம்மையாரிடம், ரனெலா பிரபு அவர்மீது காதல் கொண்டிருக்கிறார் என்றும், திருமணத்துக்கு முன் அவர் முழு அழகும் பெற்றாகவேண்டும் என்றும் ரேச்சல் நம்பவைத்தார். பிரபுவிடமிருந்து வந்தனவாகக் காதற் கடிதங்களும் காட்டப்பட்டன. அவற்றுள் ‘வில்லியம்’ என்று கையொப்பம் இருந்தது; பிரபுவின் பெயரோ தோமஸ். அம்மையார் தம் பணத்தையெல்லாம் இழந்தபின் விடயம் நீதிமன்றுக்குச் சென்றது. 1868 ஆகஸ்டில் நடைபெற்ற முதல் விசாரணையில் ஜூரிமார் ஒருமுடிவுக்கு வரவில்லை. செப்டெம்பரில் நடந்த மறு விசாரணையில் ரேச்சல் குற்றவாளியாகக் காணப்பட்டு ஐந்து ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை பெற்றார். விடுதலையான பின்பும் அவர் அத்தொழிலை விடவில்லை. ஏமாந்து வருவோரும் ஓயவில்லை. 1878 இல் மீண்டும் தண்டிக்கப்பட்டு, 1880 இல் சிறையிலேயே உயிர் நீத்தார்.

இவ்வழக்கிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மேரி போரடேலை ஏமாற்றியது பூச்சு அன்று, கடிதம். பூச்சிலே பயனில்லை என்பதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. இல்லாத ஒருவரின் குரலைப் புனைந்து காட்டியமையே குற்றமாயிற்று. அழகுச் சந்தையின் பிற்கால வரலாறு முழுவதும் அந்தப் பொய்க் கடிதத்தின் பெருக்கமே எனலாம்.

ரேச்சலின் பெயர் கெட்டுப்போயிற்று. வணிகர்கள் வேறு வழியை நாடினர். பொய்யான பிரபுவுக்குப் பதிலாக மெய்யான பிரமுகரைக் கொண்டுவருவதே அவ்வழி. பியர்ஸ் சவர்க்காரத்தின் வணிகத்தை நடத்திய தோமஸ் பாரட் என்பவர் இதில் வல்லவர். தோல்நோய் மருத்துவத்திற் பெயர்பெற்ற, இங்கிலாந்து அறுவை மருத்துவர் கல்லூரியின் தலைவராயும் இருந்த சேர் இராஸ்மஸ் வில்சன், பாடகி அடலினா பத்தி, அமெரிக்கப் போதகர் ஹென்றி வார்ட் பீச்சர் ஆகியோரின் புகழுரைகள் அச்சவர்க்காரத்தின் விளம்பரங்களில் இடம்பெற்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, 1880 களின் தொடக்கத்தில், அழகுக்குப் பெயர்போன நடிகை லில்லி லாங்ரியின் நற்சாட்சி வெளிவந்தது. பியர்ஸைப் பாவிக்கத் தொடங்கியபின் வேறொன்றையும் தொடவில்லை என்பதே அதன் சாரம்.

இதைக் கண்டு நகைத்தவர்களும் இருந்தனர். 1884 இல் ‘பஞ்ச்’ என்னும் நகைச்சுவைச் சஞ்சிகையிலே ஹரி பர்னிஸ் என்ற ஓவியர் ஒரு படம் வரைந்தார். அழுக்கேறிய கந்தலுடுத்த நாடோடி ஒருவன் மேசையில் அமர்ந்து கடிதம் எழுதுகிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் சவர்க்காரத்தைப் பாவித்தேன். அன்று தொடக்கம் வேறொன்றையும் பாவித்ததில்லை என்கிறான். அவன் அதன்பின் குளிக்கவேயில்லை என்பது படத்தின் பகிடி. நற்சாட்சிப் பத்திரங்களைப் பரிகசித்த அப்படத்தையே, சவர்க்காரக் கம்பனியார் உரிமை பெற்று விளம்பரமாக வெளியிட்டுவிட்டனர்! சந்தை வெட்கப்படாது என்பதற்கு இதனிலும் நல்ல சான்று கிடைப்பதரிது. பரிகாசத்தையும் அது விலைக்கு வாங்கிக்கொள்ளும்.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் அப்பாலோ நற்சாட்சி ஒரு பெருந்தொழிலாயிற்று. அமெரிக்காவில் அக்காலத்தில் மருந்தும் அழகுப் பொருளும் பெரும்பாலும் ஒரே கடையில், ஒரே வகையான விளம்பரத்தோடு விற்கப்பட்டன. மசச்சூசெற்ஸ் மாநிலத்து லின் நகரைச் சேர்ந்த லிடியா பிங்கம் என்ற அம்மையாரின் மூலிகைக் கூட்டு மருந்து, பெண்களின் நோய்களுக்கென்று நாடெங்கும் விலைப்பட்டது. அவரது அன்பு ததும்பும் முகம் போத்தலின் மேல் அச்சிடப்பட்டிருந்தது. உங்கள் குறைகளைத் திருமதி பிங்கத்துக்கு எழுதுங்கள் என்று விளம்பரங்கள் பெண்களை அழைத்தன. பெண்கள் எழுதினர், மறுமொழிகளும் வந்தன. 1905 ஆம் ஆண்டில், ‘லேடீஸ் ஹோம் ஜேர்னல்’ சஞ்சிகையின் ஆசிரியர் எட்வர்ட் பொக் ஒரு நிழற்படத்தை வெளியிட்டார். அது ஒரு கல்லறையின் படம். லிடியா பிங்கம் 1883 ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார் என்பதை அக்கல்லறை கூறிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெண்கள் தம் அந்தரங்கத் துயரங்களை ஓர் இறந்த பெண்ணுக்கு எழுதிக்கொண்டிருந்தனர். தாம் குறித்தது மருமகளாகிய மற்றொரு திருமதி பிங்கத்தை என்று கம்பனியார் சமாதானங் கூறினர்.

அதே ஆண்டில் சாமுவேல் ஹொப்கின்ஸ் அடம்ஸ் என்ற பத்திரிகையாளர் ‘கொலியர்ஸ்’ இதழிலே போலி மருந்துகளையும் அவற்றுக்கான நற்சாட்சிகளையும் தொடர் கட்டுரைகளில் அம்பலப்படுத்தினார். இத்தகைய எழுத்துகளால் எழுந்த கொந்தளிப்பிலே 1906 இல் உணவு, மருந்துச் சட்டம் பிறந்தது. ஆனால், அச்சட்டம் அழகுப் பொருள்களைத் தொடவில்லை. பூச்சுகளும் சாயங்களும் உயிர்காக்கும் பொருள்களல்லவே, அவற்றாற் பெருந்தீங்கு நேர்ந்துவிடாது என்று எண்ணப்பட்டது. அந்த எண்ணத்துக்குப் பெண்கள் பின்னர் விலை கொடுக்க நேர்ந்தது.

மருந்து வணிகத்திற் சாயம் வெளுத்த நற்சாட்சி, 1920 களில் அழகு வணிகத்திற் புதுக்கோலம் பூண்டு வந்தது. பொண்ட்ஸ் முகப்பூச்சுக்காக 1924 ஆம் ஆண்டில் ஒரு விளம்பர வரிசை தொடங்கிற்று. நியூயோர்க் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவரும், பெண்கள் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவருமாகிய அல்வா பெல்மொண்ட் அம்மையார் அதிற் பேசினார். அதற்காக அவருடைய பெண்ணுரிமைப் பணிக்கு 1,000 டொலர் நன்கொடையாக வழங்கப்பட்டது. அடுத்து ருமேனிய நாட்டு இராணி மேரியும் அதே பூச்சைப் பாராட்டினார். இராணியே பூசும் பூச்சைச் சில சதங்களுக்குத் தானும் பூசலாம் என்று எண்ணுகையில் ஏழைத் தொழிலாளிப் பெண்ணின் உள்ளத்தில் எழும் பூரிப்பு எளிதில் விளங்கக்கூடியதே. அந்தப் பூரிப்பைத்தான் கம்பனி விற்றது. பேசியவருக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்ற ஒரு செய்தி மட்டும் விளம்பரத்தில் இடம்பெறவில்லை.

அதை மறைப்பது முறையா? அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு இக்கேள்வியை எழுப்பிற்று. நகப்பூச்சுக்குப் பெயர்பெற்ற கியூட்டெக்ஸ் பொருள்களைச் செய்த நோதாம் வாரன் கம்பனி, நடிகைகளுக்கும் பிரமுகப் பெண்களுக்கும் பணங் கொடுத்து நற்சாட்சி பெற்றிருந்தது. பணங் கொடுத்ததை வெளிப்படுத்தாமல் அத்தகைய நற்சாட்சிகளை வெளியிடலாகாது என்று ஆணைக்குழு கட்டளையிட்டது. கம்பனி மேன்முறையீடு செய்தது. 1932 இல் நியூயோர்க்கிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்று அந்தக் கட்டளையை நீக்கிவிட்டது. அப்பெண்கள் கூறியது பொய்யென்று எவரும் காட்டவில்லை. கூறியது மெய்யாயின், அதற்குப் பணம் பெற்றதனால் எவரும் ஏமாறவில்லை என்பது நீதிபதிகளின் நியாயம்.

இந்நியாயம் மேற்பார்வைக்குச் சரிபோலவே தோன்றும். ஆனால், சாதாரண மக்கள் வேறு விதமாகச் சிந்திப்பார்கள். ஊரிலே ஒருவர் மற்றொருவரின் மாட்டைப் புகழ்ந்து பேசும்போது, கேட்பவர் முதலில் அறிய விரும்புவது, பேசுபவர் தரகரா அல்லரா என்பதையே. தரகர் சொல்வதெல்லாம் பொய்யென்று எவரும் முடிவுகட்டுவதில்லை; அவர் சொல்லை வேறொரு நிறைகல்லால் நிறுத்துக்கொள்வார்கள். விளம்பரத்தைப் படித்த பெண்ணுக்கு அந்த நிறைகல் மறுக்கப்பட்டது. சாட்சி சொன்னது மெய்யா என்று மட்டுமே நீதிமன்று கேட்டது. சாட்சியை அழைத்துவந்தவர் யார் என்று கேட்க மறந்தது.

நம்பிக்கை பணத்தை மட்டும் இழக்கச் செய்வதாயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அக்காலத்தில் அது உடலையும் பறித்தது. கொரெம்லு என்ற பூச்சு, வேண்டாத உரோமத்தை நீக்குமென்று விற்கப்பட்டது. அதிலிருந்தது எலிகளைக் கொல்லப் பயன்படும் தலியம் என்னும் நஞ்சு. அதைப் பூசிய பெண்கள் தலைமயிரை இழந்தனர். நரம்பு நோவினால் வருந்தினர். 1933 இல் ‘லாஷ் லூர்’ என்ற கண்ணிமைச் சாயம் வெளிவந்தது. நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் கடுஞ்சாயமொன்று அதில் இருந்தது. விருந்தொன்றுக்குச் செல்லுமுன் அழகு நிலையத்தில் அதைப் பூசிக்கொண்ட ஒஹாயோ மாநிலத்துப் பெண்ணொருவர் இரு கண்களையும் இழந்தார். வேறொரு பெண் உயிரையே இழந்தார். அரசாங்க அதிகாரிகளோ கையைப் பிசைந்து நின்றனர். அழகுப் பொருளைக் கைப்பற்ற அவர்களுக்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

ஆகவே, அவர்கள் வணிகரின் ஆயுதத்தையே கையிலெடுத்தனர். பாதிக்கப்பட்டோரின் நிழற்படங்களையும், பொருள்களையும், அவற்றின் விளம்பர வாசகங்களையும் ஒன்றாக வைத்துக் கண்காட்சியொன்றை அமைத்தனர். பத்திரிகையாளர் அதற்குப் பயங்கரக் கூடம் எனப் பெயரிட்டனர். கண்ணிமை தீட்டுமுன் எடுத்த முகமும், பின் எடுத்த முகமும் அங்கு அருகருகே இருந்தன. பணம் பெறாத, எவரும் அழைத்துவராத சாட்சி அது. 1938 ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, அழகுப் பொருள்களை முதன்முறையாக அரசாங்கத்தின் கண்காணிப்பிற் கொண்டுவந்தது. மற்றையது, பாவனையாளரை ஏமாற்றும் விளம்பரங்களைத் தடுக்க வர்த்தக ஆணைக்குழுவுக்கு அதிகாரம் அளித்தது. லாஷ் லூர் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. இழந்த கண்கள் மீளவில்லை.

அதன் பின்னர் 1932 இன் தீர்ப்பு மெல்ல மெல்லப் பின்வாங்க நேர்ந்தது. வர்த்தக ஆணைக்குழு 1980 இல் நிறைவு செய்த நெறிமுறைகளில், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே கேட்போர் எதிர்பாராத தொடர்பு இருப்பின் அதை வெளிப்படுத்தவேண்டும் என்று கூறப்பட்டது. பாவனையாளர் என்று காட்டப்படுபவர் உண்மையிற் பாவித்தவராயிருத்தல் வேண்டும் என்பதும் அவற்றிற் சேர்ந்தது. 2009 இல் அந்நெறிமுறைகள் இணையத்துக்கும் விரிக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு முன் நீதிமன்று கேட்க மறந்த கேள்வி, விதியாக எழுதப்பட்டுவிட்டது.

ஆனால், அதற்கிடையிற் சாட்சிக் கூண்டிலே நிற்பவர் மாறிவிட்டார். பிரமுகர்கள் பணத்துக்காகப் பேசுகிறார்கள் என்பதை மக்கள் அறிந்துகொண்டதும், இராணியின் சொல்லுக்கு இருந்த மதிப்புக் குறைந்தது. தம்மைப் போன்ற ஒரு சாதாரணப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்கத் தலைப்பட்டனர். இணையக் கடைகளில் ஒவ்வொரு பொருளின் கீழும் பாவித்தோர் கருத்துரை எழுதும் வழக்கம் வந்தபோது, பெயர் தெரியாத அயல்வீட்டாரின் குரலைக் கேட்பதுபோல் மக்கள் அதை நம்பினர். வணிகமும் அவர்களைப் பின்தொடர்ந்து அங்கே சென்றது. எங்கே நம்பிக்கை குடியேறுகிறதோ, அங்கே போலியும் ஒரு குடிசை போட்டுக்கொள்கிறது.

2019 ஒக்டோபரில் வர்த்தக ஆணைக்குழு, ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரைச் சேர்ந்த சண்டே ரைலி என்னும் சருமப்பூச்சுக் கம்பனியின் மீது குற்றஞ் சாட்டியது. 2015 நவம்பர் முதல் 2017 ஆகஸ்ட் வரை, அக்கம்பனியின் ஊழியர்களே வேறு வேறு பெயர்களிற் புகுந்து, செபோரா என்ற பெரிய அழகுப் பொருட்கடையின் இணையப் பக்கத்திலே தம் பொருள்களைப் புகழ்ந்து எழுதினர் என்பது குற்றச்சாட்டு. கம்பனித் தலைவியே இதற்கு அறிவுறுத்தினார் என்றும், எழுதும் இடம் தெரியாதபடி மறைக்கும் கணினி வழிகள் கையாளப்பட்டன என்றும் ஆணைக்குழு கூறிற்று. குறைகூறி எழுதியோரின் கருத்துகளுக்கு ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து மறுப்புக் குறியிட வேண்டும். அவை போதிய அளவு சேர்ந்தால் அக்கருத்து நீக்கப்படும் என்ற நம்பிக்கையும் இருந்தது. பொய்ச் சாட்சியை அழைத்தல் ஒருபுறம். மெய்ச் சாட்சியின் வாயைப் பொத்துதல் மறுபுறம்.

கம்பனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. இனி இவ்வாறு செய்யலாகாது என்ற கட்டளையோடு வழக்கு முடிந்தது. தண்டப்பணமும் இல்லை, வாங்கியோருக்கு ஒரு சதமேனும் திருப்பிக் கொடுக்கப்படவுமில்லை. ஆணைக்குழுவின் ஐவருள் இருவர் இதனை ஏற்கவில்லை. பிடிபட்டாலும் இழப்பொன்றுமில்லை என்றால், நேர்மையற்றோர் எதற்கு அஞ்சுவர் என்பது அவர்களின் வாதம். 2020 நவம்பரில் அந்த உடன்பாடு இறுதியாக்கப்பட்டது.

அவ்விருவரின் கேள்விக்கு விடை நான்கு ஆண்டுகளின் பின் வந்தது. 2024 ஆகஸ்டில் ஆணைக்குழு ஒருமனதாகப் புதிய விதியொன்றை வெளியிட்டது. ஒக்டோபர் 21 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இல்லாத மனிதரின் பெயரில் கருத்துரை புனைதல், பொறி எழுதிய கருத்துரையை மனிதர் எழுதியதாகக் காட்டல், புகழுரையை விலைக்கு வாங்கல், கம்பனிக்கு உட்பட்டோர் தம்மை மறைத்து எழுதுதல், குறைகூறுவோரை மிரட்டி அடக்குதல் ஆகியவை தடைசெய்யப்பட்டன. ஒவ்வொரு மீறலுக்கும் அவ்வேளையில் 51,744 டொலர் வரை தண்டம் விதிக்க இடமிருந்தது. ரேச்சல் தண்டிக்கப்பட்ட பிரித்தானியாவிலும், 2024 இல் நிறைவேறிய சட்டத்தின்படி, போலிக் கருத்துரைகள் 2025 ஏப்ரில் 6 ஆம் திகதி முதல் தடைசெய்யப்பட்டன. அங்கு, அத்தகைய கருத்துரைகளைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு, அவற்றை வெளியிடும் தளத்தின் மீதும் சுமத்தப்பட்டுள்ளது. இலங்கையிலே 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வணிகர் பாவனையாளரைத் தவறான வழியில் நடத்துவதையும் பொருள்பற்றிப் பொய்க் கூற்றுக் கூறுவதையும் தடைசெய்கிறது.

சட்டங்கள் இவ்வாறு பெருகிவிட்டமையால் கள்ளச் சாட்சி ஒழிந்துவிட்டது என்று கருதுதல் பேதைமையாகும். பிரபுவின் கடிதம், நடிகையின் படம், இறந்த அம்மையாரின் முகம், இராணியின் பாராட்டு, அயல்வீட்டாரின் குரல் என்று வேடம் மாறிக்கொண்டே வந்துள்ளது. ஒவ்வொரு வேடமும் அந்தந்தக் காலத்து மக்கள் யாரை நம்பினரோ அவருடைய வேடமே. அதனால் உண்டாகும் பெருநட்டம் ஒரு சிமிழின் விலையன்று. பொய்ச் சாட்சி மலிந்த ஊரில் மெய்ச் சாட்சியும் நம்பப்படுவதில்லை. இந்தச் சாயம் கண்ணைக் கெடுக்கும் என்று ஒருத்தி உண்மையாகக் கூவினாலும், அவளும் யாரோ அனுப்பிய ஆள் என்றே மற்றவர்கள் எண்ணிவிடுவர். நல்ல பூச்சைச் செய்யும் சிறு வணிகனின் நேர்மைக்கும் அங்கே விலை இல்லை.

1932 இன் நீதிபதிகள் கேட்டது, சொன்னது மெய்யா என்ற ஒரே கேள்வி. கண்ணாடியின் முன் நின்று சிமிழைத் திறக்கும் பெண்ணுக்கு அது போதாது. சொன்னவர் யார், அவரைச் சொல்லவைத்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளும் அவளுக்கு உரியவை. அவற்றைக் கேட்கும் உரிமையைச் சட்டம் அவளுக்குக் கொடுக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. அவள் அவற்றைக் கேட்பதற்கோ, பூச்சில் விரலை வைக்குமுன் உள்ள ஒரு கணம் போதும்.